நிலைப்படி இல்லாத முன்வாசல்

1

என் மனைவி லூர்துவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு இரண்டு நாள் முன்பு, அவள் பெயருக்கு நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் முப்பத்தொன்பது ஆண்டுகளாக வாழும் இந்த டச்சு நகரத்தில், நடக்க இயலாதவர்களுக்குச் சக்கர நாற்காலியை நகராட்சியே இரவலாகத் தருகிறது. ஆண்டுக்கொரு முறை அதைப் பற்றி விசாரிக்கவும் செய்கிறது. நாற்காலி வசதியாக இருக்கிறதா, வீட்டின் எல்லா வாசல்களையும் அதனால் கடக்க முடிகிறதா, இன்னும் பயன்பாட்டில் உள்ளதா என்று மூன்று பக்கங்களில் கேட்டிருந்தார்கள். மரியாதையான கடிதம்தான். பெறுபவர் இல்லை என்பது மட்டும் அந்தத் துறைக்குத் தெரியவில்லை. இறப்பைப் பதிவு செய்த துறை வேறு.

தொலைபேசியில் அழைத்தேன். இளம்பெண் ஒருத்தி கனிவாகப் பேசினாள். விதிப்படி, நாற்காலியைப் பயன்படுத்துபவரிடமே பேச வேண்டும் என்றாள். அவர் வீட்டில் இல்லை என்றேன். எப்போது திரும்புவார் என்று கேட்டாள்.

இந்த மொழியில் இருபத்தெட்டு ஆண்டுகள் நீரியல் பாடம் நடத்தியவன் நான். ஆற்றுப் படுகைகளைப் பற்றி முன்னேற்பாடின்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். அன்று ஓர் எளிய இறந்தகால வினைச்சொல் வாயில் வரவில்லை. பிறகு அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். இரண்டாம் கேள்வியிலேயே பேனா நின்றது. வாசல்களைப் பற்றிய கேள்வி அது. அதற்குரிய விடை இந்த அடுக்ககத்தில் இல்லை. திருவாரூருக்குத் தெற்கே, ஒரு பாசன வாய்க்காலின் கரையில் இருக்கும் சிற்றூரில் இருக்கிறது. படிவத்தில் மூன்று வரிகளுக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

2

அந்தச் சிற்றூரில் எங்களுக்கு இருக்கும் வீடு பூர்வீக வீடு அன்று. எங்கள் ஊர்ப் பண்ணையாருடையது. நடுவே முற்றம், நான்கு பக்கமும் தாழ்வாரம், பதினாறு தேக்குத் தூண்கள். என் பெற்றோர் அந்தப் பண்ணையில் கூலிக்கு நட்டார்கள், களையெடுத்தார்கள், அறுத்தார்கள். என் தாய் கொல்லைச் சந்து வழியாக மாட்டுக்கொட்டகைக்குப் போவார். சாணம் அள்ளி, நெல் புடைத்துவிட்டு, கூலி நெல்லை முந்தானையில் வாங்கிக்கொண்டு அதே சந்து வழியாகத் திரும்புவார். முன்வாசலை நாங்கள் தெருவில் நின்று பார்த்திருக்கிறோம். ஐந்து படிகள், அவற்றுக்கு மேல் செதுக்கு வேலை செய்த நிலை.

விடுதிப் பள்ளி ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. பிறகு பொறியியல் கல்லூரி. பிறகு இந்த நாடு. பண்ணையாரின் பேரப்பிள்ளைகள் வீட்டை விற்க முன்வந்தபோது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நான் வாங்கினேன். பழி தீர்க்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஊர் மீது ஏக்கமும் இருந்ததில்லை. நல்ல கட்டடம், சரிந்துகொண்டிருந்தது, லூர்துவுக்குப் பிடித்துப்போயிற்று. வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளியின் மகள் அவள். மழை வந்தால் உப்பு போயிற்று என்று அஞ்சி வளர்ந்தவளுக்கு, மழையை வீட்டின் நடுவிலேயே இறங்கவிடும் ஒரு வீடு பெரிய வியப்பாக இருந்தது.

"என்னங்க, ரிடையர் ஆனதும் நம்ம ரெண்டு பேருக்கும் இதுதான். தூணுல சாஞ்சுக்கிட்டு, நனையாம மழையப் பாக்கணும்" என்றாள்.

நாங்கள் ஓய்வு பெறுவதற்குள் அவளுடைய கால் நரம்புகள் ஓய்வு பெற்றுவிட்டன. சக்கர நாற்காலியுடன் முதன்முறை ஊருக்குப் போனபோது, நான்கு பேர் அவளை நாற்காலியோடு தூக்கி, நிலைப்படியைத் தாண்டி உள்ளே இறக்கினார்கள். தூக்கும்போது அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"மாதா சப்பரம் மாதிரில்ல தூக்கிட்டுப் போறீங்க! ஒரு மாலையும் போட்டிருந்தா வேண்டுதல் ஏதாச்சும் கேட்டிருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். திரும்பும் விமானத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இனிமே அந்த வீட்டுக்குள்ள என்னை யாரும் தூக்கக் கூடாது. முன்வாசல் வழியா, நானே உருட்டிக்கிட்டுப் போகணும். அப்படின்னா சொல்லுங்க, வர்றேன். இல்லைன்னா வேண்டாம்."

முப்பத்தாறு ஆண்டுத் திருமண வாழ்வில் அவள் விதித்த ஒரே நிபந்தனை அது.

3

இங்கே எங்கள் மகள் நிர்மலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பதினாறு வயதில் நிர்மலா தமிழில் கேட்டால் டச்சில் விடை சொல்லத் தொடங்கினாள். இருபது வயதில் தனியாகப் போனாள். இயன்முறை மருத்துவம் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுடன் பேசுவாள், என்னிடம் தொலைபேசி வந்தால் தட்பவெப்பம் பேசுவாள். புலம்பெயர்ந்த தகப்பன்மார்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளும் அதே வருத்தத்தை நானும் என் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்: பிள்ளை விலகிவிட்டது.

அம்மாவின் நிபந்தனையைக் கேட்ட நிர்மலா, ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, முப்பத்து நான்கு வயதில், தனியாக அந்தச் சிற்றூருக்குப் போய் இறங்கினாள். வீட்டைப் பழுது பார்த்து முடித்துவிட்டு வருவதாகச் சொன்னாள். இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவாள் என்று நான் லூர்துவிடம் சொன்னேன். இதை இங்கே எழுதி வைப்பது என் கடமை.

அவளுடைய தமிழ் அம்மாவிடமிருந்து கேட்டுக் கற்ற தமிழ். அம்மாவை 'நீ' என்பதால் உலகத்தையே 'நீ' என்பாள். மரவேலைக்கு வந்த கோவிந்தராசு ஆசாரிக்கு அறுபத்தெட்டு வயது. முதல் நாளே அவரிடம், "நீ நாளைக்கு எப்ப வருவ?" என்று கேட்டிருக்கிறாள்.

"எங்கம்மா போனதுக்கப்புறம் என்னைய யாரும் இப்படிக் கேட்டதில்ல பாப்பா. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சித்தாளுங்க சிரிக்குதுங்களே" என்றாராம் ஆசாரி.

அதன்பின் நிர்மலா எல்லாச் சொற்களுக்குப் பின்னாலும் 'ங்க' சேர்த்துவிட்டாள். மூன்றாம் மாதம் நான் தொலைபேசியில் கேட்டது, செங்கல் லாரிக்காரரிடம் அவள் போட்ட சண்டை: "ஏங்க, இதுங்க செங்கலுங்களா, பிஸ்கட்டுங்களா? கையில பொடியுதுங்க!"

ஊராட்சி அலுவலகத்தில் வீட்டு வரி ரசீதைப் பெயர் மாற்ற அவள் நான்கு முறை நடந்தாள். ஒரு முறை என் கடவுச்சீட்டில் முன்னெழுத்து விரிவாக இருக்கிறது, பத்திரத்தில் சுருக்கமாக இருக்கிறது என்றார்கள். இன்னொரு முறை, நீங்கள் வெளிநாட்டவர், உள்ளூர் ஆள் யாராவது வரட்டும் என்றார்கள்.

"தாத்தா இந்த ஊருங்க. அப்பா இந்த ஊருங்க. நான் அஞ்சு மாசமா இந்த ஊருங்க. ரசீதக் குடுங்க, போறேன்."

கொடுத்துவிட்டார்கள். அதைப் படம் எடுத்து அனுப்பினாள். அந்த வீட்டின் கதவு எண்ணுக்கு நேராக என் பெயரும், 'தகப்பனார்' என்ற இடத்தில் ஆரோக்கியம் என்று என் தந்தையின் பெயரும் இருந்தன. அவர் கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ளாதவர். அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

4

முன்வாசலுக்குச் சாய்தளம் அமைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். மட்டமும் சரிவும் என் துறை. ஐந்து படிகள், படிக்கு ஏழு அங்குலம், மொத்தம் முப்பத்தைந்து அங்குல உயரம். நாற்காலியைக் கையால் உருட்டி ஏறுவதற்கு, ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும். முப்பத்தைந்து அடி நீளச் சாய்தளம். வீட்டு வாசலில் இருக்கும் இடமோ பதினாறு அடி. ஆகவே முன்வாசல் இயலாது என்ற முடிவுக்கு வந்தேன். கொல்லைப் பக்கம் தரை மட்டம் உயரம். மாட்டுக்கொட்டகையின் வழியாக எளிதில் உள்ளே வரலாம். சுத்தமாக ஒரு வரைபடம் போட்டு ஊருக்கு அனுப்பினேன்.

காணொளி அழைப்பில் மூவரும் அதைப் பார்த்தோம். லூர்து சமையலறை மேசையருகே தன் நாற்காலியில் இருந்தாள். வரைபடத்தின் மீது விரலை வைத்து, கோடு போன வழியே நகர்த்தினாள்.

"இது எங்கங்க போகுது?"

"மாட்டுக்கொட்டகைப் பக்கம். அதை இடித்துவிட்டு நல்ல நடைபாதை போட்டுவிடலாம்."

"அத்தை போன வழி" என்றாள்.

என் தாயைத்தான் சொன்னாள். கணக்கு அப்படித்தான் வருகிறது என்றேன். லூர்து விரலை எடுத்துக்கொண்டாள்.

அப்போது நிர்மலா கேட்டாள்: "அப்பா, அஞ்சு படி எங்க இருக்கு?"

"முன்வாசலில்."

அவள் தொலைபேசியைக் கையில் ஏந்தி வாசலுக்கு நடந்தாள். திரையில் தெருவும் வாசலும் தெரிந்தன. படிகள் தெரிந்தன. இரண்டு.

"மீதி மூன்று?"

திரையின் ஓரத்தில் ஆசாரி வந்து நின்றார். "ரோட்டுக்குள்ள இருக்குங்க சார். ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டப் பேக்காம மேலயே போட்டுட்டுப் போயிடறாங்க. ரோடு ஏறுது, வீடு இறங்குது. எங்க வீட்டுல நாங்க இப்ப படியெறங்கித்தான் உள்ள போறோம்."

"அப்பா, நீங்க இங்க எத்தனை தடவை வந்திருக்கீங்க?" என்றாள் நிர்மலா.

வீட்டை வாங்கியபின் ஏழு முறை போயிருக்கிறேன். ஏழு முறையும் அந்த இரண்டு படிகளில்தான் ஏறியிருக்கிறேன். ஆனால் கணக்கில் எழுதியது ஐந்து. சிறுவனாகத் தெருவின் எதிர்ப்புறம் நின்று எண்ணிய எண் அது. ஏறும் வாய்ப்பு இல்லாதவன் எண்ணிக்கொண்டு நிற்பான். ஏறத் தொடங்கியபின் நான் எண்ணவில்லை.

இரண்டு படி, பதினான்கு அங்குலம், பதினான்கு அடிச் சாய்தளம். வாசலுக்குள் அடங்கிவிடும். தெருத் தண்ணீர் ஏறி வந்தால் வடிய, வாசலுக்கு முன்னே குறுக்காக ஒரு கால்வாய், அதன்மேல் இரும்புக் கிராதி. இதையெல்லாம் நாடாவை வைத்து அளந்து, நிர்மலா ஏற்கெனவே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். என் வரைபடம் வந்ததால் மரியாதைக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

லூர்து என்னைப் பார்த்து, "டாக்டர் பட்டம் யாருக்குங்க குடுத்தாங்க?" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தின் அடியில் ஒரு பெருமிதம் எழுந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. மாணவர்கள் என்னைத் திருத்தியதுண்டு. அவர்களில் எவரும் என் வீட்டு வாசலை எனக்குக் காட்டியதில்லை.

5

எஞ்சியிருந்தது நிலைப்படி. கதவு நிலையின் அடிக்கட்டை அது. தேக்கு, ஆறு அங்குல உயரம். சாய்தளத்தில் ஏறி வந்தாலும் நாற்காலி அதில் முட்டி நிற்கும். அதை அறுத்து எடுத்துவிட வேண்டும் என்றாள் நிர்மலா. ஆசாரி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"நிலைக்கு நாலு கட்டை பாப்பா. மூணு கட்டையில நிக்கிறதுக்குப் பேரு நிலை இல்ல. வாசப்படி இல்லாத வீட்டுல மகாலட்சுமி எங்க வந்து உக்காருவா?"

"எங்க அம்மா உக்காந்துக்கிட்டேதான் வருவாங்க. அது போதுங்க" என்றாள் நிர்மலா.

ஆசாரி ரம்பத்தை எடுத்தார். அறுத்த கட்டையைத் துணியில் சுற்றி மாட்டுக்கொட்டகையில் வைத்தார்.

மாசி மாதம் லூர்துவை மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு பிற்பகல் நிர்மலா காணொளியில் அழைத்தாள். எங்கிருந்தோ ஒரு பழைய சக்கர நாற்காலியை இரவல் வாங்கி வந்திருந்தாள். சாய்தளத்தில் ஒருவரை உருட்டிக் காட்ட வேண்டும். ஆனால் யாரும் உட்காரவில்லை. நோயாளி நாற்காலியில் சும்மா உட்காரக் கூடாது என்று சித்தாள்கள் விலகி நின்றார்கள். அவளே உட்காரப் போனபோது ஆசாரி தடுத்தார்.

"கல்யாணம் ஆகாத பொண்ணு, நீ உக்காராத. எனக்கென்ன, அறுபத்தெட்டு ஆச்சு. தள்ளுங்கடி, இல்லல்ல, தள்ளாதீங்க. அந்தம்மா தானே உருட்டுறேன்னு சொல்லியிருக்காங்கல்ல."

வேட்டியை மடித்துக்கட்டிய அந்தப் பெரியவர், நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளாலும் சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு ஏறினார். சித்தாள்கள் கைதட்டினார்கள். தாம் அறுக்க மறுத்த இடத்தைத் தாமே கடந்து, தாழ்வாரத்தைச் சுற்றி, முற்றத்தின் ஓரத்தில் போய் நின்றார். கட்டிலில் சாய்ந்திருந்த லூர்து தலையணையிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ஆசாரியாரே! நான் வர்றதுக்குள்ள நீங்க குடியேறிடாதீங்க!"

"சீக்கிரம் வாங்கம்மா, இல்லன்னா உறுதி சொல்ல முடியாது!"

அந்த அழைப்பை அவள் மூன்று நாள்கள் செவிலியர்களுக்கெல்லாம் விவரித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் சேர்த்த பதினெட்டாம் நாள் காலை இறந்தாள். நிர்மலா முந்தைய மாலையே வந்து சேர்ந்திருந்தாள். அதற்குமேல் இதைப் பற்றி எழுத இயலாது.

6

அடக்கம் முடிந்து ஐந்து வாரத்தில் நிர்மலா மறுபடி ஊருக்குப் புறப்பட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. "சுண்ணாம்பு பூச்சு பாதில நிக்குது" என்றாள்.

அவள் போன சில நாள்களில் ஆசாரி என்னை நேராக அழைத்தார்.

"சார், பாப்பாகிட்ட கேக்க மனசு வரல. அந்தக் கட்டையப் பத்திரமா வச்சிருக்கேன். இப்ப நாற்காலிக்கு வேலையில்லன்னு ஆயிப்போச்சு. ஐப்பசி அடைமழைல தண்ணி உள்ள வந்துட்டா அந்தப் புள்ளைக்குத்தான் மனசு ஒடஞ்சு போகும். கட்டையத் திரும்பக் கோத்துடட்டுமா?"

நல்ல மனிதர். அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. படி திரும்ப வந்தால் வீடு முழுமையாகும், தண்ணீர் வராது, பார்ப்பவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள். வராவிட்டால், வராத ஒருவருக்காகத் திறந்து வைத்த வாசலை நாள்தோறும் கடக்க வேண்டும். அந்த வீட்டில் தனியாக என்னால் இருக்க முடியுமா என்பதே எனக்குத் தெரியவில்லை. படியைப் போடச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியும் மூடிவிடும் என்று தோன்றியது.

"நான் நேரில் வந்து சொல்கிறேன்" என்றேன். நிர்மலாவிடம் இதைச் சொல்லவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. மழைக்கு முன் கிராதியைப் பொருத்திவிட்டதாக மட்டும் ஒரு வரி எழுதியிருந்தாள்.

7

பாதிரியார் வந்து வீட்டை ஆசீர்வதிக்கும் மந்திரிப்புக்காக ஐப்பசியில் ஊருக்குப் போனேன். பால் காய்ச்சும் நாளன்று விடியற்காலையிலிருந்தே மழை. தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. நான் வாசலில் நின்று, தொழில் பழக்கத்தில், நீர்மட்டத்தைக் கவனித்தேன். சாய்தளத்தில் நான்கு விரற்கடை ஏறியது, நின்றது. மேலிருந்து வழிந்த நீர் முழுவதும் கிராதிக்குள் இறங்கியது. உள்ளே தரை உலர்ந்திருந்தது. முற்றத்தில் மழை நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பதினாறு தூண்களும் எண்ணெய் பூசி நின்றன.

ஆசாரி தலையில் கோணிப்பையோடு வந்து சேர்ந்தார். "தண்ணி வரலைங்க சார். ஒத்துக்கிறேன். ஆனாலும்…" என்று மாட்டுக்கொட்டகைப் பக்கம் பார்த்தார். பாதிரியார் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. நிர்மலா சற்றுத் தள்ளி, கிராதியில் அடைத்த வேப்பிலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் நிமிரவில்லை.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. என் அக்கா சவரியம்மாள். எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அந்தப் பண்ணையில் என் தாயோடு நடவுக்குப் போனவர். வீட்டை நாங்கள் வாங்கிய பின்னும் அவர் ஒவ்வொரு முறையும் கொல்லைச் சந்து வழியாகத்தான் வருவார். கேட்டால், "எங்க தெருவுக்கு அதுதான்டா கிட்ட" என்பார். அது உண்மையும்கூட. ஆகவே யாரும் வற்புறுத்தியதில்லை.

"ஏம்மா நிர்மலா, இங்க எதுக்கு நிறுத்தச் சொன்ன? சந்துப் பக்கம் விடச் சொல்றது?"

"அங்க முட்டியளவு சேறு, அத்தை. எறங்குங்க."

"சேத்துல எறங்காதவளா நானு? நடவு நட்ட காலுடி இது."

"அந்தக் கால்தான் இப்ப மடங்க மாட்டேங்குதுல்ல. வாங்க அத்தை, வழுக்காது."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சாய்தளத்தில் மெல்ல ஏறி வந்தார். நிலைக்கு முன்னே நின்றார். தலைக்கு மேல் இருந்த செதுக்கு வேலையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனியாமலே, வலது முழங்காலைக் கையால் பற்றி, ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி, உள்ளே வைத்தார்.

கால் எதிர்பார்த்த உயரத்தைத் தாண்டி இறங்கி, வெறும் தரையில் பொத்தென்று பட்டது. நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அடப்பாவி! படி எங்கடா தம்பி? யாரு புடுங்குனது?"

"நான்தாங்க" என்றார் ஆசாரி. "பாப்பா சொல்லித்தான்."

"எதுக்கு?"

நிர்மலா கையிலிருந்த இலைகளைக் கீழே போட்டாள்.

"அம்மா நாற்காலி வர்றதுக்கு, அத்தை."

அக்கா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் கையை விலக்கிவிட்டு, நிலையைப் பிடித்தபடி திரும்பி வெளியே போனார். சாய்தளத்தின் அடிவரை இறங்கி, தெருத் தண்ணீரில் பாதம் நனைய நின்றார். கோபித்துக்கொண்டு சந்துப் பக்கம் போகிறாரோ என்று நினைத்தேன்.

போகவில்லை. அங்கிருந்தே ஆசாரியிடம் உரக்கச் சொன்னார்: "அந்தக் கட்டைய எங்கயாச்சும் கண்ணுல படாத எடத்துல போட்டு வைய்யா. மறுபடி கோத்துக் கீத்து வச்சிடாத."

ஆசாரி என் முகத்தைப் பார்த்தார். "அக்கா சொன்னபடி செய்யுங்கள்" என்றேன்.

சித்திரையில் நான் அங்கே குடி போகிறேன். நகராட்சியின் படிவத்தையும் இன்று நிரப்பிவிட்டேன். நாற்காலி பயன்பாட்டில் உள்ளதா என்ற இடத்தில், இல்லை என்று எழுதினேன். வாசல்களைக் கடக்க முடிகிறதா என்ற இடத்தில், ஆம் என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துச் செல்வார்கள்.

அந்த மழைநாளில், தெருத் தண்ணீரில் நின்ற அக்கா சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி ஏறி வந்தார். நிலைக்கு முன்னே நிற்கவில்லை. காலைத் தூக்கவுமில்லை. ஈரப் பாதங்களைத் தரையில் இழுத்தபடியே முன்வாசல் வழியாக உள்ளே நடந்து, முற்றத்தின் ஓரத்தில், ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.